பழைய மதராஸ் வரைபடத்தில் மாம்பலத்தையே காணோம், எப்படிப் பார்ப்பது?

மேற்குமாம்பலத்தான்:
புத்தகக் காட்சிக்கு வெளியே நடைபாதைக் கடையில் பழைய மதராஸ் வரைபடத்தின் மறுபதிப்பு ஒன்று கிடைத்தது. ஆண்டு போட்டிருந்த மூலை கிழிந்துவிட்டது. நாங்கள் இருப்பது மேற்கு மாம்பலம் லேக் வியூ ரோடு பக்கம். வரைபடத்தில் தி.நகர் இருக்கவேண்டிய இடத்தில் நீளமாக ஒரு நீலப்பட்டை, மாம்பலம் என்ற பெயரே கண்ணில் படவில்லை, ரயில் பாதையும் இல்லை. என் தெரு எங்கே வரும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சங்கிலி66:
அந்த நீலப்பட்டைதான் 'லாங் டேங்க்' என்று அழைக்கப்பட்ட நீண்ட ஏரி. 1920-களில் அதைத் தூர்த்துத்தான் தி.நகரை உருவாக்கினார்கள். உங்கள் தெருப் பெயரும் அந்த ஏரியால் வந்ததுதான். நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு, லேக் ஏரியா என்று இன்னும் சொல்கிறோமே, அதுவும் இதே கதை.

ஊர்ப் பெயரைக் கண்ணால் தேடாதீர்கள், வாய்விட்டுப் படியுங்கள். வெள்ளைக்காரன் காதில் விழுந்தபடி எழுதியது அது. சைதாப்பேட்டையில் அடையாற்றுக்கு மேலே 'மார்மலாங்' பாலம் என்று இருக்கும், பாருங்கள். அந்த மார்மலாங்தான் உங்கள் மாம்பலம்!

மதராஸில் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து ஓடியது 1856-இல். பாதையே இல்லை என்றால் அளந்தது அதற்கு முன்பாக இருக்கலாம். ஆனால் உங்கள் தாளில் ராயபுரமும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், தென்பகுதி மட்டும் என்றால் இந்தக் கணக்கு செல்லாது, ஏனென்றால் அந்தப் பக்கம் ரயில் பிறகுதான் வந்தது.

கோடம்பாக்கம்காரி:
ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. மறுபதிப்பில் 'ஒரு அங்குலம் ஒரு மைல்' என்று எழுதியிருந்தால் அப்படியே நம்பி ஸ்கேலை வைக்காதீர்கள். தாளுக்கு ஏற்பச் சுருக்கி அச்சடித்திருப்பார்கள், எழுத்து மட்டும் பழையபடியே நிற்கும். நான் அப்படி ஏமாந்து ஒரு குளத்தை அரை மைல் தள்ளித் தேடியிருக்கிறேன். கீழே கோடாகப் போட்டிருக்கும் அளவுகோல் படத்தோடு சேர்ந்தே சுருங்கும், அதை வைத்து அளந்து பாருங்கள். ஸ்கேன் செய்து, பழைய படத்தை இன்றைய வரைபடத்தின் மேல் பொருத்தும் கியூஜிஐஎஸ் என்ற மென்பொருளில் ஏற்றினால் கோட்டை, கபாலீசுவரர் கோயில் குளம், சைதாப்பேட்டைப் பாலம், பரங்கிமலை போல இன்றும் அடையாளம் தெரிகிற இடங்களாக, நாலு மூலைக்கும் வரும்படி புள்ளிகள் பிடியுங்கள். எல்லாவற்றையும் ஒரே பக்கம் வைத்தால் மறுபக்கம் கோணிக்கொள்ளும்.

புதியவன்:
இதை வைத்து எங்கள் மனை ஏரிப் புறம்போக்கா என்று பார்க்கலாமா?

சங்கிலி66:
கூடாது. இந்த அளவு வரைபடத்தில் பேனாக் கோட்டின் தடிமனே ஒரு தெரு அகலம் வரும். அதற்குப் புலப்படமும் (மனையின் அளவை வரைபடம்) அ-பதிவேடும் (நில வகையைச் சொல்லும் வருவாய்த்துறைப் பதிவேடு)தான், தாலுகா அலுவலகத்துக்குப் போங்கள்.

மேற்குமாம்பலத்தான்:
சங்கிலி சார், ராயபுரம் இருக்கிறது, அங்கேயும் ரயில் இல்லை. மார்மலாங்கும் கிடைத்தது! புள்ளி வைத்துப் பார்த்ததில் எங்கள் வீடு மேற்குக் கரையை ஒட்டி வருகிறது, தண்ணீருக்குள்ளா வெளியிலா என்று சொல்ல முடியவில்லை. போர்வெல் போட்டபோது கரிய களிமண்ணாகவே வந்தது என்று அம்மா இப்போதுதான் சொல்கிறார். ஞாயிறு காலை டேங்க் பண்ட் ரோட்டில் தரை எந்தப் பக்கம் சரிகிறது என்று நடந்து பார்க்கப் போகிறேன். வருகிறவர்கள் 6 மணிக்கே வந்துவிடுங்கள், வெயில் ஏறிவிட்டால் என்னால் ஆகாது.