முதல் படம் தந்ததை இரண்டாம் பாகம் தந்ததா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மாடி இருக்கை (கோவை)

2013 ஜனவரியில் ‘விஸ்வரூபம்’ படத்துக்குத் தமிழ்நாட்டில் தடை இருந்தபோது, எங்கள் ஊரில் பலர் செய்ததையே நானும் செய்தேன். வாளையாரைத் தாண்டிப் பாலக்காட்டுக்குப் பஸ் ஏறினேன். தியேட்டர் வாசலில் காதில் விழுந்ததெல்லாம் கொங்குத் தமிழ்தான்.

அந்தக் கிடங்குக் காட்சியைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதுவரை நளினமாக நடந்து, மனைவியிடம்கூடக் குரல் உயர்த்தாமல் பேசிக்கொண்டிருந்த கதக் ஆசிரியர், கை கட்டப்பட்டு அடி வாங்குகிறார். தொழுதுகொள்கிறேன் என்கிறார். கட்டு அவிழ்கிறது. அவ்வளவுதான், கண் பிடிப்பதற்குள் அறையில் இருந்தவர்கள் எல்லாரும் தரையில் கிடக்கிறார்கள். பிறகு அதே சண்டையை மெதுவாக ஒருமுறை காட்டுகிறார்கள். என் பக்கத்தில் இருந்த பெரியவர் நாற்காலியின் கைப்பிடியை விட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

2018 ஆகஸ்டில் இரண்டாம் பாகம் வந்தது. இந்த முறை பாலக்காடு போக வேண்டியிருக்கவில்லை; வீட்டுக்குப் பக்கத்திலேயே, விரும்பிய வரிசையில் டிக்கெட் கிடைத்தது. சண்டைகள் மோசமில்லை. ஆனால் அந்தக் கதக் ஆசிரியர் உண்மையில் ஓர் உளவாளி என்பது முதல் காட்சியிலேயே எனக்குத் தெரியும், எதிரிக்கும் தெரியும். அடிப்பார் என்று எல்லாரும் காத்திருக்கும்போது ஒருவர் அடித்தால் அதில் என்ன இருக்கிறது? படம் முழுவதிலும் என்னை அசைத்தது ஒரே பகுதிதான். வஹீதா ரஹ்மான் நடித்த தாய், நினைவு மங்கிய நிலையில், எதிரே நிற்கும் மகனை அடையாளம் தெரியாமல் பார்க்கும் இடம். யோசித்துப் பார்த்தால் காரணம் புரிகிறது. அந்தப் படத்தில் அவர் யாரென்று தெரியாத ஒரே ஆள் அந்த அம்மாதான்.

உங்களுக்கு எந்த இரண்டாம் பாகம் கைகொடுத்தது, எது கைவிட்டது? வசூல் கணக்கு வேண்டாம். பார்த்தபோது என்ன நடந்தது என்று சொல்லுங்கள்.


முன்னாள் ஆபரேட்டர்

நான் பிலிம் ஓடிய காலத்து ஆள். ஆபரேட்டர் அறையின் சிறு ஜன்னல் வழியாகத் திரையைப் பார்த்ததைவிட ஜனங்களின் தலைகளைப் பார்த்ததுதான் அதிகம். படம் பிடித்திருக்கிறதா என்று தலைகளே சொல்லிவிடும்.

ஆங்கிலப் படங்களுக்கு இடைவேளை கிடையாது. ரீல் முடிகிற இடம் பார்த்து நாங்கள்தான் விளக்கைப் போடுவோம். ‘டெர்மினேட்டர் 2’ வந்தபோது எங்கே போட்டாலும் திட்டு விழுந்தது. கடைசியில், மனநல மருத்துவமனையிலிருந்து அவர்கள் காரில் தப்பிய பிறகு என்று வைத்துக்கொண்டேன்.

அந்த மருத்துவமனைக் காட்சியை இன்றைக்கும் சொல்லலாம். கதாநாயகி சாரா தப்பித்து ஓடி வருகிறாள். லிஃப்ட் திறக்கிறது. உள்ளிருந்து அர்னால்டு வெளியே வருகிறார். அவளைக் காப்பாற்றத்தான் வந்திருக்கிறார். நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. 1984இல் வந்த முதல் படத்தில் அவளைக் கொல்லத் துரத்தியது இதே முகம். ஓடி வந்த வேகத்தில் கால் வழுக்கி விழுந்து, தரையிலேயே பின்னால் தவழ்கிறாள். முதல் படத்தைப் பார்த்திருந்தவர்கள் அவள் விழுவதற்கு முன்பே ‘ஐயோ’ என்றார்கள். பார்க்காதவர்கள் திரும்பி அவர்களைப் பார்த்தார்கள். இரண்டு வகைத் தலைகளையும் மேலிருந்து பிரித்தறிய முடிந்தது.

முதல் படத்தில் ஜேம்ஸ் கேமரூனிடம் பெரிய பணமில்லை. ஏழு ஆண்டு கழித்து வந்த இரண்டாவதற்குக் கிட்டத்தட்ட 10 கோடி டாலர் என்றார்கள். அந்தப் பணத்தில்தான் உருகி ஓடும் உலோக மனிதன் வந்தான், சரி. ஆனால் லிஃப்ட் வாசலில் அவள் வழுக்கி விழுந்ததற்கு என்ன செலவு?

இதற்கு நேரெதிராக ‘ஸ்பீட்’. 1994இல் வந்தது. வேகம் மணிக்கு 80 கிலோமீட்டருக்குக் கீழே குறைந்தால் பஸ் வெடிக்கும். ஒற்றை வரிதான் கதை. ஆங்கிலம் தெரியாதவர்களும் வேகம் காட்டும் முள்ளைப் பார்த்தே படத்தைப் புரிந்துகொண்டார்கள். 1997இல் இரண்டாவது வந்தது. டைரக்டர் அதே யான் டி பான்ட். ஆள் மாறிவிட்டார் என்று பழி போட வழியில்லை. கியானு ரீவ்ஸ் மட்டும் வரமாட்டேன் என்று ஒதுங்கிக்கொண்டார். இந்த முறை பஸ்ஸுக்குப் பதில் சொகுசுக் கப்பல். கடலில் போகிற கப்பலின் வேகம் யாருக்குத் தெரிகிறது? கடைசியில் கப்பல் ஊருக்குள் ஏறிக் கட்டடங்களை இடித்துக்கொண்டு போகும், அதற்குப் பணத்தைக் கொட்டியிருந்தார்கள். அந்த வாரம் எங்கள் காண்டீன்காரருக்கு நல்ல வியாபாரம். இடைவேளைக்கு முன்பே டீ தீர்ந்துவிட்டது.


பொருநைக்கரை

ஆபரேட்டர் ஐயா சொன்னதை நம்மூர்ப் படங்களில் வைத்துப் பார்க்கிறேன்.

2010இல் ‘சிங்கம்’ வந்தபோது எங்கள் பக்கத்தில் அதை ஊர்ப்படமாகவே கொண்டாடினார்கள். ஆனால் கத்தலும் கார் பறப்பதும் அல்ல, எனக்கு அதில் பிடித்தது ஒரு கையெழுத்து. மயில்வாகனம் நிபந்தனை ஜாமீனில் வெளியே வருகிறான். நல்லூர் காவல் நிலையத்தில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். தனக்குப் பதிலாக வேறு ஆளை அனுப்புகிறான். சப் இன்ஸ்பெக்டர் துரைசிங்கம், நீயே வா என்கிறார். சட்டத்தின் ஒரு சின்ன விதி. மொத்தப் பகையும் அதிலிருந்து பிறக்கிறது. ஸ்டேஷன் வாசலில் ஜாமீன்காரர்கள் கையெழுத்துக்காகக் காத்து நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் காட்சியின் சூடு தனி.

மயில்வாகனம் பழிவாங்கும் விதம் இன்னும் அழகு. வெட்டவில்லை, சுடவில்லை. துரைசிங்கத்தைச் சென்னைக்கு மாற்ற வைக்கிறான். அரசு ஊழியர் வீட்டில் பிறந்தவர்களுக்குத் தெரியும், மாற்றல் உத்தரவைவிடப் பெரிய ஆயுதம் கிடையாது. ஊரே துணை நின்ற மனிதர், திருவான்மியூரில் மேலதிகாரிகூடத் துணை இல்லாமல் நிற்கிறார். ஊருக்கே திரும்பிவிடலாம் என்று நினைக்கிறார். அந்த இடத்தில் தியேட்டரில் ஒருவரும் விசில் அடிக்கவில்லை.

2013இல் இரண்டாம் பாகம் நன்றாகவே தொடங்கியது. தூத்துக்குடிப் பள்ளியில் என்.சி.சி. ஆசிரியராக ஒளிந்திருந்து கடத்தலைக் கண்காணிக்கிறார். அவர் போலீஸ் என்பது ஊருக்குத் தெரியாது. மாடி இருக்கை அண்ணன் சொன்ன அதே மறைவு இங்கேயும் வேலை செய்தது. மறுபடி காக்கி போட்ட நிமிடத்தில் கைதட்டல் கூரையைப் பிய்த்தது. என் கணக்கில் படம் அங்கே முடிந்தும் போனது. அதற்குப் பிறகு அவரை எதிர்க்க உள்ளூரில் ஆள் இல்லை, ஆப்பிரிக்கா வரை போக வேண்டியிருந்தது. 2017இல் மூன்றாவது பாகம் ஆஸ்திரேலியாவுக்குப் போனது. நல்லூர் ஸ்டேஷனில் ஒரு பேனாவால் செய்ததை ஒரு கண்டம் முழுவதையும் காட்டிச் செய்ய முடியவில்லை.

‘சாமி’ விஷயத்தில்தான் எனக்கு உண்மையான ஆற்றாமை. 2003 படத்தின் முடிவு நினைவிருக்கிறதா? பெருமாள் பிச்சையைச் செங்கல் சூளையில் கொன்றுவிட்டு, தலைமறைவாகிவிட்டான் என்று உலகத்துக்குச் சொல்கிறார் ஆறுச்சாமி. காவல் சீருடையில் இருக்கும் ஒருவர் ஒரு கொலையை மறைத்து வைத்திருக்கிறார்! இதைவிட நல்ல விதை இரண்டாம் பாகத்துக்கு எங்கே கிடைக்கும்? தந்தையைத் தேடி வரும் மகனும் 2018 படத்தில் வருகிறான். ஆறுச்சாமி உட்கார்ந்து அவனுக்குப் பதில் சொல்ல வேண்டிய படம் அது. ஆனால் அவரையும் மனைவி புவனாவையும் முன்கதையிலேயே கொன்றுவிட்டு, அவர்கள் மகனைக் கொண்டுவந்து அடிக்க விட்டுவிட்டார்கள். புவனாவும் த்ரிஷா இல்லை, ஐஸ்வர்யா ராஜேஷ். அவர் நல்ல நடிகை, அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இருந்தாலும் எங்கள் வீட்டில் அம்மா, “இது யாருடா?” என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.


கணக்கு வாத்தியார்

மூன்றாம் பாகத்தைப் பற்றிப் பேசலாமா? ‘டை ஹார்டு’ வரிசையில் எனக்குப் பிடித்தது 1995இல் வந்த மூன்றாவதுதான். இரண்டாவதில் கட்டடத்துக்குப் பதில் விமான நிலையம், மற்றதெல்லாம் கிட்டத்தட்டப் பழையபடி. அதே ஆளுக்கு அதே கிறிஸ்துமஸில் அதே சிக்கலா என்று கதாநாயகனே புலம்புவான்.

மூன்றாவதன் கதை முதலில் டை ஹார்டுக்காக எழுதப்பட்டதே இல்லை. தனியாக இருந்த ஒரு திரைக்கதையை எடுத்து இந்த வரிசையில் பொருத்தினார்கள். அதனால்தான் பழைய சட்டத்துக்குள் அடைபடாமல் நியூயார்க் முழுக்க ஓடுகிறது என்று நினைக்கிறேன். முதல் படத்தை எடுத்த ஜான் மெக்டியர்னனே திரும்பி வந்தார்.

அதில் நீரூற்றருகே ஒரு வெடிகுண்டுப் புதிர். 3 காலன் குடுவை ஒன்று, 5 காலன் குடுவை ஒன்று. சரியாக 4 காலன் தண்ணீரை எடைத்தட்டில் வைக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் இதைக் கொடுப்பது என் வழக்கம். பெரியதை நிரப்பிச் சிறியதில் ஊற்றினால் பெரியதில் 2 மிஞ்சும். சிறியதைக் காலி செய்து அந்த 2ஐ அதில் ஊற்றவும். பெரியதை மறுபடி நிரப்பிச் சிறியதில் ஊற்றினால் 1தான் கொள்ளும், பெரியதில் 4. பையன்கள் பெஞ்சைத் தட்டுவார்கள். படத்தில் புரூஸ் வில்லிஸும் சாமுவேல் ஜாக்ஸனும் வியர்த்து வழிய, ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே இதைச் செய்கிறார்கள். கூட்டல் கழித்தலில் தடுமாறும் கதாநாயகன்! 1988இல் வெறுங்காலோடு கண்ணாடிச் சில்லின் மேல் நடந்து, ரத்தம் சொட்டக் காலைக் கழுவியபடி பேசினானே, அதே மனிதன் என்று நம்ப முடிகிறது. 2007இல் வந்த நான்காவதில் போர் விமானத்தின் மேலிருந்து பாய்ந்து தப்பிக்கிறான். அவனை எனக்குத் தெரியாது.


வடக்கு வீதி வாசகி

‘போர்ன்’ படங்களை யாரும் சொல்லவில்லையே. 2004இல் வந்த இரண்டாவது, ‘போர்ன் சுப்ரமசி’, கோவாவில் தொடங்குகிறது. முதல் படத்தில் எல்லா ஆபத்தையும் தாண்டிச் சேர்ந்த உளவாளி போர்னும் மேரியும் அங்கே அமைதியாக வாழ்கிறார்கள். கொலையாளி வந்துவிட்டான் என்று தெரிந்து ஜீப்பில் தப்பும்போது இருவரும் இடம் மாறி உட்காருகிறார்கள், மேரி ஓட்டுகிறாள். ஓட்டுகிறவன் போர்ன்தான் என்று நினைத்துச் சுடுகிறான் அவன். பாலத்திலிருந்து ஜீப் ஆற்றில் விழுகிறது. தண்ணீருக்கடியில் அவளுக்கு மூச்சுக் கொடுக்கப் பார்த்து, முடியாமல் விட்டுவிடுகிறான் போர்ன். படம் தொடங்கிச் சற்று நேரம்தான் ஆகியிருக்கும். பக்கத்தில் பாப்கார்ன் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்த என் தங்கை அதை அப்படியே மடியில் வைத்துவிட்டாள்.

மாஸ்கோவில் நடக்கும் கார் துரத்தலைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். எனக்கு அதற்குப் பிறகு வருவதுதான் படம். காயத்தோடு நொண்டிக்கொண்டு ஓர் இளம்பெண்ணின் வீட்டுக்குப் போகிறான். உன் அம்மா உன் அப்பாவைக் கொல்லவில்லை, இருவரையும் கொன்றது நான் என்று சொல்லி மன்னிப்புக் கேட்கிறான். எழுந்து பனியில் நடந்து போகிறான். துப்பாக்கிப் படம் ஒன்று இப்படியும் முடியலாம் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

டைரக்டர் மாறியதும் இங்கே நன்மையாகவே முடிந்தது. டக் லைமன் போய்ப் பால் கிரீன்கிராஸ் வந்தார். கேமரா ஆட்டத்தில் தலைவலி வந்தவர்கள் உண்டு, மறுக்கவில்லை. அந்த ஆட்டத்தைப் பார்த்துப் பின்னால் வந்தவர்கள் செய்ததுதான் பெரிய கொடுமை. ‘டேக்கன்’ மூன்றாம் பாகத்தில் லியாம் நீசன் ஒரு வேலியைத் தாண்டுவதற்குள் படத்தைப் பத்துத் துண்டுக்கு மேல் வெட்டியிருப்பார்கள். அவர் உண்மையிலேயே தாண்டினாரா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம்தான்.


இரவுக்காட்சி

பெரியவர்கள் மன்னிக்க வேண்டும். எல்லாருமே சண்டைப் படத்தில் சண்டையைத் தவிர மற்றதைப் புகழ்கிறீர்கள். நான் சண்டைக்காகவே டிக்கெட் வாங்குகிறவன்.

‘ஜான் விக்’ நான்கு பாகங்களும் பார்த்தேன். 2014இல் வந்த முதலாவதில் நாய்க்குட்டியைக் கொன்றதற்காகப் புறப்படுகிறான். துக்கம் அதில்தான் அதிகம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சண்டை என்ற கலை நான்காவதில்தான் உச்சிக்குப் போனது. டைரக்டர் சாட் ஸ்டஹெல்ஸ்கியே சண்டைக் கலைஞராக இருந்தவர். அதனால் கேமரா தள்ளி நின்று முழு உடம்பையும் காட்டுகிறது, வெட்டி ஏமாற்றுவதில்லை. பாரிஸில் தேவாலயத்துக்கு ஏறிப்போகும் 222 படிகள். விடிவதற்குள் மேலே போயாக வேண்டும். அடித்து அடித்து ஏறி உச்சிக்கு வருகிறான். ஒரே உதை, அடிவரை உருண்டு வந்து விழுகிறான். எங்கள் வரிசை முழுக்கச் சிரித்துக்கொண்டே தலையில் கை வைத்தது. அடுத்தது வந்தாலும் முதல் நாளே போவேன்.


பொருநைக்கரை

தம்பி, உங்களை மறுத்துப் பேச எதுவும் இல்லை. நீங்கள் ரசித்ததும் அவன் உருண்டு விழுந்ததைத்தானே! படி ஏறி நேராகப் போய்ச் சேர்ந்திருந்தால் இங்கே எழுதியிருப்பீர்களா?


இரவுக்காட்சி

அண்ணா, அது சரிதான். ஆனால் உருளுவதற்கும் 222 படிகள் வேண்டும். முதல் படத்தின் செலவில் பத்துப் படிதான் கட்டியிருப்பார்கள்.


மாடி இருக்கை (கோவை)

இருவரும் படியிலேயே நில்லுங்கள், நான் வேறொன்று கேட்கிறேன். ‘தனி ஒருவன்’ இரண்டாம் பாகத்தை 2023இல் அறிவித்தார்கள். 2015 படத்தில் நாம் பார்க்கப் போனது ஜெயம் ரவியை. பேசிக்கொண்டே திரும்பி வந்தது அரவிந்த்சாமியின் சித்தார்த் அபிமன்யுவைப் பற்றி. அவன்தான் கடைசியில் செத்துவிட்டானே, இனி அந்த நாற்காலியில் யாரை உட்கார வைப்பார்கள்? அண்ணன் தம்பி என்று யாரையாவது கொண்டு வந்தால் நான் போகமாட்டேன். வாத்தியார் ஐயா, டை ஹார்டு மூன்றாவதில் வில்லன் முதல் வில்லனின் சகோதரன்தான் என்று நீங்கள் சொல்லாமல் விட்டதைக் கவனித்தேன். அதற்கு உங்கள் பதில் வரட்டும்.