'பிரெஷ்' என்றால் என்னவெல்லாம்?

உப்புவெளி விடுதிக்காரி:
திருகோணமலை உப்புவெளியில் சின்னதாக ஒரு விடுதி நடத்துகிறோம், சமையல் என் பொறுப்பு. மே பிறந்தால் திமிங்கிலம் பார்க்க வெள்ளைக்காரர் வரத் தொடங்குவார்கள். அவர்கள் வாயில் எந்நேரமும் 'பிரெஷ்'தான். மீன் பிரெஷ்ஷா என்று கேட்டால் விளங்கும், நாங்கள் உடன் மீன் என்கிறோமே, அதுதானே? ஆனால் போன கிழமை ஒருவர் தட்டில் இருந்த பாரையைக் காட்டி, இது 'பிரெஷ் வோட்டர்' மீனா என்றார். இன்னொரு அம்மா 'பிரெஷ்' துவாய் கேட்டார். புதிது வாங்க வேண்டுமா, துவைத்தது போதுமா? படகுக்காரத் தம்பி வேறு, காற்று 'பிரெஷ்', இன்றைக்குப் போகேலாது என்கிறான். மேசைக்குச் சாப்பாடு கொண்டுபோகும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், விளக்கமாகச் சொல்லுங்கள்.

மூதூர் ஆங்கில ஆசிரியர் (ஓய்வு):
தங்கச்சி, இந்தச் சொல்லுக்கு ஒரே கருத்தைப் பாடமாக்கினால் சரிவராது. எதை வேண்டாம் என்று நினைத்துச் சொல்கிறார்கள் என்று பாருங்கள், உடனே பிடிபடும்.

தண்ணீருக்குச் சொன்னால் உப்பு இல்லாதது, நாங்கள் சொல்லும் நல்ல தண்ணி. பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு இருந்த பொருளே அதுதான். கன்னியா ஊற்றுத் தண்ணீர் கொதியாகச் சுட்டாலும் 'பிரெஷ் வோட்டர்'தான். மகாவலி கொட்டியாரக் குடாவில் விழும்வரை அப்படி, குடாவுக்குள் வந்தால் இல்லை. ஆகவே அந்த மனிதர் கேட்டது கடல் மீனா, குளத்து மீனா என்று. கந்தளாய்க் குளத்து மீன் என்றால் ஆம் என்று சொல்லலாம். பாரைக்கு, 'நோ, சீ பிஷ்'.

துவாய்க்குச் சொன்னால் பாவித்தது வேண்டாம் என்று அர்த்தம். துவைத்து மடித்தது போதும். 'பிரெஷ்' தேத்தண்ணி கேட்டால் ஆறினதைச் சூடாக்கிக் கொடுக்காதீர்கள், புதிதாக ஊற்றுங்கள்.

பாலில் கவனம். எங்கள் ஊரில் பால்மா இல்லாத எதையும் 'பிரெஷ் மில்க்' என்கிறோம். மாதக்கணக்கில் வெளியே வைத்தாலும் கெடாத பெட்டிப் பாலைப் பல வெளிநாட்டார் அந்தப் பெயரால் சொல்வதில்லை. அதிகம் கொதிக்க வைக்காமல், குளிரில் வைத்துச் சில நாளில் முடிக்கும் பாலைத்தான் சொல்வார்கள்.

மீனில்தான் எனக்கு மனவருத்தம். நேற்றுப் பிடித்து ஐசில் கிடந்தாலும், உறையவைக்காத மீன் அவர்களுக்கு 'பிரெஷ்'. எங்கள் உடன் மீன் அப்படியா? விடியக் கரைக்கு வந்து, செவுள் சிவப்பாக, கண் பளபளவென்று, அமத்தினால் தசை எழும்பி நிற்க வேண்டும். அந்தச் சொல் எங்கள் சொத்து. அதை விட்டு வீட்டிலும் 'பிரெஷ் மீன்' என்று கதைக்காதீர்கள்.

கொட்பே படகுக்காரன்:
அக்கா, காற்றுக்கு நான் சொல்கிறேன். அறிக்கையில் 'பிரெஷ்' என்று வந்தால் குளிர்ச்சியான காற்று என்று நினைக்கக் கூடாது, அது ஒரு அளவு. காற்றின் பலத்தைச் சொல்லும் பியூபோர்ட் அளவுகோலில் 5ஆம் நிலை, மணிக்கு 17 முதல் 21 கடல் மைல், கிட்டத்தட்ட 29 முதல் 38 கிலோமீற்றர். அந்த நேரம் கடலெல்லாம் வெள்ளை நுரை பூத்துக் கிடக்கும். சின்னப் படகில் ஆக்களை ஏற்றினால் நனைந்து, சத்தி எடுத்து, திமிங்கிலத்தையும் காணாமல் திரும்புவார்கள். மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று எழும்பிவிட்டால் நான் மறுத்துவிடுவேன். தம்பி சரியாகத்தான் சொல்லியிருக்கிறான்.

உப்புவெளி விடுதிக்காரி:
நன்றி சேர், நன்றி தம்பி. இன்னொன்று. ஒரு அமெரிக்கப் பிள்ளை தங்கள் ஊர்க் கடையைப் பற்றிக் கதைக்கும்போது, முட்டை 'பிரெஷ் அவுட்' என்றாள். நல்ல முட்டை என்றா சொன்னாள்?

மூதூர் ஆங்கில ஆசிரியர் (ஓய்வு):
இல்லை, முட்டை இப்போதுதான் முடிந்துவிட்டது என்று. 'பிரெஷ் அவுட் ஒஃப்' என்று அமெரிக்கர் அதிகம் சொல்வார்கள். இன்னொன்றும் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்: 'டோன்ட் கெட் பிரெஷ்' என்று யாராவது முகம் சுளித்தால், வாய்க்காட்டாதே, அத்துமீறாதே என்று அர்த்தம். உடனே விலகி நிற்க வேண்டும்.

பலகையில் வெறுமனே 'பிரெஷ் பிஷ்' என்று எழுதாதீர்கள், எல்லாக் கடையிலும் அதுதான் தொங்குகிறது. விடியக் கரைக்கு வந்த மீன் இருக்கும் நாளில் 'கோட் திஸ் மோர்னிங்' என்று மீனின் பெயரோடு எழுதுங்கள். இல்லாத நாளில் அந்த வரியை அழித்துவிடுங்கள்.