ஸ்லீவ் சிகிச்சைக்குப் பின் எடை குறைந்தும் அக்காவுக்கு நிறைவு இல்லை

தண்டையார்பேட்டை தம்பி (கேள்வி):
என் அக்காவுக்கு 14 மாதங்களுக்கு முன் ஸ்லீவ் முறையில் இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. உயரம் 158 செ.மீ.; அன்று 112 கிலோ, இன்று 81 கிலோ. சர்க்கரை மாத்திரையை மருத்துவரே நிறுத்திவிட்டார். ஆனாலும் "ஏன்தான் செய்துகொண்டேனோ" என்று அடிக்கடி கண் கலங்குகிறார். முடி இன்னும் கொட்டுகிறது, வயிற்றுத் தோல் தொங்குகிறது, கல்யாணப் பந்தியில் நான்கு வாய்க்கு மேல் இறங்குவதில்லை. இவற்றையெல்லாம்விட, பார்ப்பவர்கள் "இப்படி இளைச்சுட்டியே, சுகரா?" என்று விசாரிப்பதுதான் அவரை அதிகம் வருத்துகிறது. மூன்றாம் மாதத்துக்குப் பின் மருத்துவமனையிலிருந்து யாரும் அழைக்கவில்லை, நாங்களும் போகவில்லை. சிகிச்சை பலிக்கவில்லையா?

பெரம்பூர்க்காரர்:
பலித்திருக்கிறது. பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் எண்) 25 என்று கொண்டால் அந்த உயரத்துக்கு 62 கிலோ. கூடுதலாக இருந்த 50 கிலோவில் 31 கிலோ குறைந்துள்ளது. கூடுதல் எடையில் பாதி குறைந்தாலே வெற்றி என்பது மருத்துவர்களின் வழக்கமான அளவுகோல். ஆனால் அந்தக் கணக்கில் பந்தியும் கண்ணாடியும் உறவினர் பேச்சும் சேர்வதில்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன் இரைப்பை பைபாஸ் (இரைப்பையைச் சிறிதாக்கி, உணவு குடலின் ஒரு பகுதியைத் தாண்டிச் செல்லும்படி இணைக்கும் எடைக்குறைப்பு அறுவை) செய்துகொண்ட எனக்கு, மூன்றாம் ஆண்டில் 6 கிலோ திரும்பியபோது, ஓரளவு திரும்புவது இயல்பே என்று முன்கூட்டி யாரும் சொல்லாததால், தவறு முழுவதும் என்னுடையது என்று பல மாதங்கள் குன்றிப்போயிருந்தேன்.

சர்க்கரைப் பரிசோதனையை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஸ்வீடனில் 1987-இல் தொடங்கிய நீண்ட ஆய்வில், நீரிழிவு இருந்து அறுவை சிகிச்சை பெற்றவர்களில் 72 சதவீதம் பேருக்கு இரண்டாம் ஆண்டில் அது தணிந்திருந்தது. 15-ஆம் ஆண்டில் 30 சதவீதம் பேருக்கே அந்த நிலை நீடித்தது. அன்றைய அறுவை முறைகள் பெரும்பாலும் வேறு என்றாலும் எச்சரிக்கை நமக்கும் பொருந்தும்.

ராயபுரம் உணவியலாளர்:
சத்து மாத்திரைகளை இன்னும் சாப்பிடுகிறாரா? அவை வாழ்நாள் முழுதும் தேவை. சிகிச்சைக்குப் பின் மூன்று நான்கு மாதங்களில் முடி கொட்டுவது வழக்கம், ஓராண்டுக்குள் பெரும்பாலும் நின்றுவிடும். 14 மாதமாகியும் நிற்கவில்லை என்றால் இரும்பு, பி12, வைட்டமின் டி, தைராய்டு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும் என்பதால், அந்த நான்கு வாயில் முதல் வாய் சோறாக இல்லாமல் சுறாப்புட்டாகவோ முட்டையாகவோ இருக்கட்டும். தொடர்ந்து வாந்தியோ கால் மரத்துப்போவதோ இருந்தால் அது பி1 குறைவாக இருக்கலாம், அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். தொங்கும் தோல் உடற்பயிற்சியால் முழுமையாகச் சுருங்காது என்பதை அவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கண் கலங்குவதையும் நோயின் பகுதியாகவே கருதி, மனநல ஆலோசகரிடம் ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள்.

தண்டையார்பேட்டை தம்பி:
இருவருக்கும் நன்றி. கேட்டுப் பார்த்தேன், எடை குறைந்துவிட்டதே என்று ஐந்தாம் மாதமே சத்து மாத்திரைகளை நிறுத்திவிட்டாராம். திங்கட்கிழமை இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்கிறேன்.