ஏஆர்எம்64-ல் லூப் நிற்கவில்லை, எஸ்390எக்ஸில் நீளம் தப்பு – சோதிக்க மெஷினும் இல்லை, காசும் இல்லை

ஒற்றைஆள்_பராமரிப்பு:
சி-யில் எழுதிய சின்ன கட்டற்ற லைப்ரரி. ஒரு பைனரி கோப்பு வடிவத்தைப் படிக்கும், எழுதும். இன்டெல் லேப்டாப்பில் டெஸ்ட் எல்லாம் பாஸ். பல வகை பிராசஸர்களுக்கு நடக்கும் டெபியன் லினக்ஸ் பில்டில்தான் சிக்கல்: ஏஆர்எம்64-ல் கோப்பு முடிந்தும் லூப் ஓடிக்கொண்டே இருந்து டைம்அவுட் ஆகிறது. எஸ்390எக்ஸில் (ஐபிஎம் மெயின்ஃபிரேம்) 16 என்று வரவேண்டிய நீளம் 268435456 என்று வருகிறது. சர்வர் வாடகைக்கு எடுக்க நிதி இல்லை. எங்கே தொடங்குவது?

பைட்வரிசை:
268435456-ஐப் பதினாறடிமானத்தில் எழுதிப் பாருங்கள்: 10 00 00 00. உங்கள் 16 என்பது 00 00 00 10. எஸ்390எக்ஸ் பிக் எண்டியன் (எண்ணின் பெரிய மதிப்புள்ள பைட்டை முதலில் வைக்கும்; இன்டெல் அதைக் கடைசியில் வைக்கும்), அவ்வளவுதான் விஷயம். 4 பைட்டை நேராக ஸ்ட்ரக்டுக்குள் படித்திருப்பீர்கள். ஒவ்வொரு பைட்டாக எடுத்து, முதலில் 32 பிட் அன்சைன்டாக (எதிர்மறை இல்லாத எண்) மாற்றி, பிறகு 8, 16, 24 பிட் ஷிஃப்ட் செய்து சேருங்கள். மாற்றாமல் 24 ஷிஃப்ட் செய்தால் எதிர்மறையைக் குறிக்கும் சைன் பிட்டில் போய் விழும். 'எந்த எண்டியன்' என்று இஃப்டெஃப் (கம்பைல் நேர நிபந்தனை) போடவே வேண்டாம்.

எழுதும் பக்கத்தையும் இதேபோல் திருத்துங்கள். எழுதிப் படித்துப் பார்க்கும் டெஸ்ட் இதைப் பிடிக்காது. இரண்டு தப்பும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். இன்டெல்லில் உருவான ஒரு மாதிரிக் கோப்பை டெஸ்ட் ஃபோல்டரில் போட்டு வையுங்கள்.

கிராஸ்பில்ட்:
லூப் கதை வேறு. ஒரு பைட் படிக்கும் கெட்சி ஃபங்ஷன் திருப்பித் தருவதை 'சார்' மாறியில் வாங்குகிறீர்களா? ஏஆர்எம் லினக்ஸில் வெறும் சார் அன்சைன்ட். கோப்பு முடிவின் -1 அதில் 255 ஆகிவிடும், ஒப்பீடு என்றைக்கும் பொருந்தாது. இன்ட்டில் வாங்குங்கள். இன்டெல்லிலும் அது பிழைதான்: தரவில் 255 என்ற பைட் வந்தால் பாதியிலேயே படிப்பதை நிறுத்திவிடும்.

இதற்கு ஏஆர்எம் மெஷினே தேவையில்லை. ஜிசிசி கம்பைலருக்கு 'அன்சைன்ட் சார்' ஃபிளாக் கொடுத்து லேப்டாப்பிலேயே கம்பைல் செய்தால் அதே லூப் வரும். எதிர் ஃபிளாக்கை மேக்ஃபைலில் போட்டுத் தப்பிக்க நினைக்காதீர்கள். 255 பிழை அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

ஒற்றைஆள்_பராமரிப்பு:
இன்ட்டாக மாற்றியதும் லூப் நின்றது. எஸ்390எக்ஸை எப்படிச் சோதிப்பது?

கிராஸ்பில்ட்:
டெபியனில் எஸ்390எக்ஸ் கிராஸ் கம்பைலரும் (லேப்டாப்பிலேயே அந்த பிராசஸருக்கான நிரலை உருவாக்கும்) கியூஎமு யூசர் பேக்கேஜும் (அந்த பிராசஸரைப் போல நடித்து அதை ஓட்டும்) போடுங்கள். ஸ்டாட்டிக்காக லிங்க் செய்தால் லைப்ரரி பாதை தொல்லை இல்லை. வேகம் குறைவு, அதனால் ஒவ்வொரு கமிட்டுக்கும் ஓட்டாமல் வெளியீட்டுக்கு முன் ஓட்டினால் போதும். கியூஎமு எல்லாவற்றையும் காட்டாது: இன்டெல் மேல் ஓடும்போது ஏஆர்எம்மின் தளர்வான மெமரி ஆர்டர் (நினைவகச் செயல்கள் வரிசை மாறி நடப்பது) பிழைகள் தெரியாது. அலைன்மென்ட் பிழைக்கு (பொருந்தாத முகவரியிலிருந்து தரவைப் படிப்பது) கம்பைலரின் யுபிசான் சோதனையை ஓட்டுங்கள்.

நிஜ வன்பொருள் வேண்டுமென்றால் பல வகை மெஷின்களைத் தொலைவிலிருந்து பயன்படுத்தத் தரும் ஜிசிசி கம்பைல் ஃபார்மில் விண்ணப்பியுங்கள்; கட்டற்ற மென்பொருள் எழுதுபவர்களுக்கு இலவசம். பொது மெஷின், எல்லா கோரையும் பிடித்துக்கொள்ளாதீர்கள்.

பைட்வரிசை:
நிதிக்கு என்எல்நெட் (கட்டற்ற மென்பொருளுக்கு நிதி தரும் நெதர்லாந்து அறக்கட்டளை) பாருங்கள், 5,000 யூரோவிலிருந்து தருகிறார்கள். 'பராமரிப்புக்கு' என்று மொத்தமாகக் கேட்டால் எடுபடுவது கடினம். 'பிக் எண்டியன் ஆதரவு', 'ஃபஸ்ஸிங் டெஸ்ட்' (தாறுமாறான உள்ளீடு கொடுத்துச் சோதிப்பது) என்று முடிவு தெரியும் வேலைகளாகப் பிரித்துக் கேளுங்கள்; ஒவ்வொன்றும் முடிந்த பிறகுதான் பணம் வரும்.

ரீட்மீயில் இரண்டு பட்டியல் போடுங்கள்: நீங்களே சோதிப்பவை, பேட்ச் வந்தால் மட்டும் சேர்ப்பவை. இரண்டாவதில் வரும் பக் உங்கள் கடன் அல்ல.

ஒற்றைஆள்_பராமரிப்பு:
கியூஎமுவில் 16 வந்துவிட்டது. மாதிரிக் கோப்பு டெஸ்டையும் சேர்த்துவிட்டேன். எழுதும் பக்கத்தில் விட்டுப்போன ஒரு இடத்தை அதுதான் பிடித்தது.