பனிக்காலத்தில் ஆட்டோமேட்டிக் டிரக்: இன்ஜின் சூடாகிவிட்டது, கியர் பாக்ஸ்?

குளிர் நாட்டுக்குப் புதிதாக வந்து டிரக் வாங்கியவர்கள் பெரும்பாலும் இன்ஜினைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். நின்ற இடத்திலேயே கால் மணி நேரம் ஓடவிட்டு, ஹீட்டரில் சூடான காற்று வந்ததும் கிளம்பி, சாலைக்கு வந்தவுடன் ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிக்கிறார்கள். கியர் பாக்ஸ் அப்போதும் குளிர்ந்துதான் கிடக்கும்.

ஆட்டோமேட்டிக்கில் எல்லா வேலையும் ஆயிலை நம்பித்தான் நடக்கிறது. இன்ஜினின் விசையை டார்க் கன்வெர்ட்டர் கடத்துவதும் ஆயிலால்தான், கிளட்ச் தட்டுகளை இறுக்கிப் பிடிப்பதும் ஆயிலின் அழுத்தம்தான். மைனஸ் 20, 30 டிகிரியில் அது விளக்கெண்ணெய் போலக் கெட்டியாகிவிடும். கியரைப் பார்க் (P) நிலையில் வைத்து நிற்கும்போது கியர் பாக்ஸுக்குச் சுமை கிடையாது, அதனால் ஆயில் மெல்லத்தான் சூடேறும். சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலின் ஆயிலும் டயரும் வண்டி உருண்டால் மட்டுமே சூடேறும். ஆகவே நிதானமாக ஓட்டுவதுதான் சரியான வழி.

ஸ்டார்ட் செய்ததும் ஆர்.பி.எம்., அதாவது இன்ஜின் சுற்றும் வேகம், உயர்ந்து நிற்கும். அது இறங்கும்வரை ஒன்றிரண்டு நிமிடம் பொறுங்கள். கடுங்குளிர் என்றால் ஐந்து நிமிடம். கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டவே அந்த நேரம் போய்விடும். அப்புறம் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி ரிவர்ஸோ டிரைவோ போடுங்கள். கியர் விழ ஓரிரு விநாடி ஆகலாம். விழுந்ததும் வண்டி லேசாக ஒரு அசைவு அசையும், ஆர்.பி.எம். முள் கொஞ்சம் இறங்கும். அதைப் பார்த்த பிறகே ஆக்சிலரேட்டரில் கால் வையுங்கள். முந்திக்கொண்டு மிதித்தால், வேகமாகச் சுழலும் இன்ஜினைக் கிளட்ச் ஒரே அடியாகப் பிடிக்கும். 'டப்' என்று கேட்கும் அந்த அடிதான் தட்டுகளைத் தேய்த்துத் தீர்க்கிறது.

முதல் எட்டு, பத்து கிலோமீட்டர் மென்மையாக ஓட்டுங்கள். கியர் தாமதமாக மாறுகிறதே, மேல் கியருக்கே போகவில்லையே என்று பயப்பட வேண்டாம். ஆயில் சூடாகும்வரை பல வண்டிகளில் கம்ப்யூட்டரே வேண்டுமென்று அப்படிச் செய்கிறது. டேஷ்போர்டில் டிரான்ஸ்மிஷன் (கியர் பாக்ஸ்) வெப்பநிலை காட்டும் வண்டியென்றால் அதைக் கவனித்துப் பழகுங்கள். பெரும்பாலும் 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை வந்து நிலைக்கும். ட்ரெய்லர் இழுப்பவர்கள் அது கணிசமாக ஏறும்வரை மேட்டுச் சாலையில் விரட்டவே கூடாது.

சீக்கிரம் சூடாக்குகிறேன் என்று டிரைவில் போட்டு, பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் சேர்த்து மிதிப்பவர்களும் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். கன்வெர்ட்டருக்குள் ஆயில் சட்டென்று அளவுக்கு மீறிச் சூடேறும், மற்ற பாகங்கள் குளிராகவே இருக்கும்.

மின்சாரத்தில் இயங்கும் பிளாக் ஹீட்டர் கட்டாயம் நல்லது, ஆனால் அது சூடாக்குவது இன்ஜினை. கியர் பாக்ஸின் ஆயில் தொட்டிக்கு அடியில் ஒட்டும் ஹீட்டர் பேட் தனியாகக் கிடைக்கிறது. இரவெல்லாம் வெளியில் நிற்கும் வண்டிக்கு அதை நான் தயங்காமல் சொல்வேன். எந்த ஹீட்டர் இருந்தாலும் மூடிய கராஜுக்குள் இன்ஜினை ஓடவிடாதீர்கள், கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடித்துவிடும். வெளியே நின்றாலும் சைலன்சர் குழாயைப் பனி மூடியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஆயில் அளவைக் குளிரில் பார்த்தால் குறைவாகத்தான் காட்டும், அதை நம்பி மேலும் ஊற்றக் கூடாது. கையேடு சொல்லும் சூட்டில் பார்த்து, அதில் சொன்ன வகையையே ஊற்றுங்கள். நன்றாகச் சூடான பிறகும் கியர் தாமதமாக விழுந்தால் உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.