எண்சீலமும் விகாரை முரசும்: பௌத்தத்தில் இசைக்கு இடம் உண்டா?

நெடுவழி (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். இலங்கையில் போயா எனப்படும் முழுநிலா நாளன்று வெள்ளுடை உடுத்தி விகாரைக்குச் சென்று எண்சீலம் என்னும் எட்டு ஒழுக்க உறுதிகளை ஏற்பவர்கள், ஆடல், பாடல், வாத்தியம், கேளிக்கை ஆகியவற்றிலிருந்து விலகியிருப்பதாக ஏழாம் சீலத்தில் உறுதி எடுக்கிறார்கள். அதே வளாகத்தில் புத்தபூசை வேளையில் தவுல், தம்மட்டம் என்னும் முரசுகள் முழங்குகின்றன. புத்தரின் பிறப்பைக் கொண்டாடும் வெசாக் வந்தால் பிள்ளைகள் மேடையில் நின்று பக்திப் பாடல் பாடுகிறார்கள். விலக்கிய ஒன்றே வழிபாட்டின் முன்வரிசையில் நிற்பது எப்படி? இது பிற்காலத்தில் ஒட்டிக்கொண்ட வழக்கமா, பழைய நூல்களிலேயே இதற்கு வழி இருக்கிறதா?

ஏட்டுச்சுவடி:
நூல்களில் இரண்டு போக்கும் உண்டு. பாலி மொழித் திருநூல் தொகுப்புகளில் ஒன்றான அங்குத்தர நிகாயத்தின் ஐந்தின் தொகுதியில், தம்மத்தை, அதாவது புத்தரின் போதனையை, நீட்டி இழுத்துப் பாட்டாக ஓதுவதால் விளையும் ஐந்து கேடுகள் சொல்லப்படுகின்றன: ஓதுபவர் தம் குரலிலேயே மயங்குவார், கேட்பவரும் மயங்குவர், ‘நாம் பாடுவதைப் போலவே இந்தத் துறவிகளும் பாடுகிறார்களே’ என்று இல்லறத்தார் குறை சொல்வர், குரலைச் செப்பனிடும் ஆசையில் மனம் குவியாது, பின்வருபவர்களும் இதையே பின்பற்றுவர். ஆனால் துறவியர் ஒழுக்க விதிகளைச் சொல்லும் விநயத்தில், இந்தத் தடையைக் கேட்டு ஓதுவதற்கே தயங்கிய பிக்குகளுக்கு, இனிய குரலில் ஓதும் முறை அனுமதிக்கப்படுகிறது. ஆகவே அங்கே கடியப்படுவது இனிமை அன்று, இனிமையில் சிக்கிக்கொள்வது.

எனக்கு இதைவிட வியப்பாக இருப்பது தீக நிகாயம் என்னும் இன்னொரு தொகுப்பிலுள்ள சக்கபஞ்ஹ சுத்தம் (சுத்தம் என்றால் உரை). பஞ்சசிகன் என்னும் கந்தர்வன் இந்திரசாலக் குகையருகே யாழ் மீட்டிப் பாடுகிறான். அவன் பாடுவது சூரியவச்சசை என்னும் தன் காதலியை நினைத்த பாட்டு. நடுநடுவே புத்தரும், விடுதலை அடைந்த துறவியரான அருகதரும் வருகிறார்கள். புத்தர் கோபிக்கவில்லை. நரம்பின் ஒலி பாட்டோடும் பாட்டு நரம்பொலியோடும் இயைந்திருக்கிறது, ஒன்றையொன்று மீறவில்லை என்று பாராட்டிவிட்டு, இதை எப்போது இயற்றினாய் என்றும் கேட்கிறார். காதல் பாட்டுக்குக் கிடைத்த இந்த நிதானமான வரவேற்பைப் பலர் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

மலைநாட்டான்:
நடைமுறையைக் கண்டி தலதா மாளிகையை வைத்துச் சொல்கிறேன். அங்கே விடியலிலும் முற்பகலிலும் மாலையிலுமாக நாளுக்கு மூன்று முறை தேவாவ எனப்படும் பூசை நடக்கிறது. தந்ததாது, அதாவது புத்தரின் புனிதப் பல், மேல்தளத்தில் இருக்கிறது. பிக்குகள் அங்கே தங்கள் கடமையைச் செய்யும்போது, கீழ்த்தளத்தில் ஹேவிசி என்னும் மேளக்குழு முழங்குகிறது. தவுலை ஒரு பக்கம் குச்சியாலும் மறுபக்கம் கையாலும் அடிப்பார்கள். இரட்டை முரசான தம்மட்டத்தை வளைந்த பிரம்புகளால் அடிப்பார்கள். இவற்றுக்கு மேலே ஹொரணை என்னும் சிறு குழல் ஒலிக்கும்.

இந்த அமைப்பிலேயே உங்கள் கேள்விக்கு விடை இருக்கிறது. பிக்கு வாத்தியத்தைத் தொடுவதில்லை, வாசிப்பவர் இல்லறத்தார். மலரும் விளக்கும் படைப்பதைப் போல ஒலியும் படையல். இதைச் சப்த பூசை என்பார்கள். சீலம் எடுத்தவர் தம் இன்பத்துக்காக இசையை நாடுவதில்லை என்றுதான் உறுதி கொள்கிறார். தாதுவுக்குச் செலுத்தப்படும் ஒலி அந்தக் கணக்கில் வராது என்பதே மரபின் வாதம். இரவு முழுவதும் நடக்கும் பிரித் என்னும் காப்பு ஓதலிலும் தொடக்கத்தில் மேளம் உண்டு. ஓதல் தொடங்கியபின் குரல் மட்டுமே.

நெடுவழி:
இருவருக்கும் நன்றி. அப்படியானால் துறவியர் தாமே வாத்தியம் வாசிக்கும் மரபு எங்குமே இல்லையா?

சங்கொலி:
உண்டு. கர்நாடகத்தின் பைலகுப்பேயில் உள்ள திபெத்திய மடங்களுக்குச் சென்றவர்கள் நேரிலேயே பார்த்திருப்பார்கள். ஆளைவிட நீண்ட துங்சென் எக்காளங்களை இணையாக ஊதுபவர்களும், வளைந்த கோலால் பெருமுரசை அறைபவர்களும், கைத்தாளம் கொட்டுபவர்களும் துறவிகளே. அங்கே மரபான படையல்கள் எட்டு. ஆயினும் பீடத்தில் வரிசையாக வைக்கும் கிண்ணங்கள் பொதுவாக ஏழுதான். எட்டாவது படையலான இசை கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதால் அதற்குக் கிண்ணம் கிடையாது.

ஏட்டுச்சுவடி:
நல்ல சான்று. ஆனால் அதை இலங்கையின் பௌத்தமான தேரவாதத்துக்கான விடையாக எடுத்துக்கொள்ள முடியாது. திபெத்தியச் சடங்குகள் தாந்திரிக நெறியைச் சார்ந்தவை. அங்கே ஒலி தியானத்தின் ஓர் உறுப்பு. கண்டியிலோ அது தியானத்துக்கு வெளியே நிற்கும் மரியாதை.

மலைநாட்டான்:
அந்த ‘வெளியே’ என்பதில் ஒரு சமூகக் கணக்கும் இருக்கிறது. பிக்கு தொடக்கூடாத வாத்தியத்தை யாராவது தொட்டாக வேண்டும். அந்தப் பணி பெரவா சாதியாரிடம் பரம்பரைக் கடமையாக விடப்பட்டது. கோயில் நிலத்தை உழுது உண்ணும் உரிமைக்கு ஈடாக முறைவைத்து வந்து கொட்ட வேண்டும். அவர்களுடைய மேளம் இல்லாமல் பூசை தொடங்காது. ஆனாலும் சிங்களச் சாதிப் படிநிலையில் அவர்களைத் தாழ்வாகவே வைத்திருந்தார்கள். இன்று கண்டிய மேளத்தைப் பல்கலைக்கழகத்தில் எவரும் கற்கலாம். மாளிகையின் சேவை முறையோ இன்னும் பெரும்பாலும் அந்தக் குடும்பங்களிடமே இருக்கிறது. சீலத்துக்கும் முரசுக்கும் முரண் இல்லை என்று மரபு எளிதாகச் சொல்லிவிட்டது. அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் கீழ்த்தளத்தில் நின்றவர்கள் என்பது என் கருத்து.