அட்டையில் குத்துவிளக்கு, உள்ளே உளவாளி

வடசேரிக்காரன்:
அட்டை ஏமாற்றியும் நல்ல புத்தகம் மாட்டிய அனுபவம் யாருக்காவது உண்டா? நாகர்கோவிலில் ஒரு பழைய புத்தகக் கடையில் மாத நாவல்களைக் கட்டுக்கட்டாகக் குவித்திருந்தார்கள். அம்மாவுக்குக் குடும்பக் கதைதான் பிடிக்கும். தலை நிறைய மல்லிகையோடு ஒரு பெண் குத்துவிளக்கேற்றும் படம் போட்ட ஒன்றை எடுத்தேன். தலைப்புப் பக்கம் கிழிந்திருந்தது.

மறுநாளே பஞ்சாயத்து. "மக்களே, இதுல மாமியாரும் இல்ல, மருமவளும் இல்ல. எல்லாவனும் ஒருத்தன ஒருத்தன் ஒளிஞ்சு பாத்துட்டு திரியானுவ. இரி, முடிச்சிட்டுத் தாறேன்."

அப்புறம் நான் படித்தேன். பெர்லினில் ஒரு குமாஸ்தா. திருகினால் இரண்டாகப் பிரிகிற காசு, அதற்குள் ஃபிலிம். அந்தக் காசை ரொட்டிக்கடையில் மறந்துபோய்க் கொடுத்துவிடுகிறான்! கடைக்காரர் கல்லாவைக் கொட்டி ஒவ்வொரு காசாகத் தட்டி எண்ணுகிறார், இவன் வரிசையில் நின்று வியர்க்கிறான். அந்த இடத்தில் சாயா ஆறியதுகூடத் தெரியவில்லை. காசுக்குள் ஃபிலிம் என்பது கொஞ்சம் ஓவர். சரி, கதைக்குக் கேள்வி கிடையாது.

தக்கலை வாசகி:
ஓவரே இல்லை அண்ணே, நிஜமாக நடந்தது. 1953-ல் நியூயார்க் புரூக்ளினில் பேப்பர் போடும் பையன் வாங்கிய சில்லறையில் ஒரு ஐந்து சென்ட் காசு கீழே விழுந்து பிளந்தது. உள்ளே வரிசை வரிசையாக எண்கள் எடுத்த குட்டிப் போட்டோ. எஃப்.பி.ஐ. முட்டி மோதியும் பிடிபடவில்லை. 1957-ல் ஹேஹானன் என்ற சோவியத் உளவாளி அமெரிக்கர்களிடம் சரணடைந்து விவரம் சொன்ன பிறகுதான் சங்கேதம் உடைந்தது. பார்த்தால் அது அவருக்கே வந்த கடிதம்! வந்து சேர்ந்ததற்கு வாழ்த்து, குடும்பத்தில் எல்லாரும் நலம் என்று. அம்மாவிடம் சொல்லுங்கள், குடும்பக் கதைதான்.

அவர் காட்டிக்கொடுத்த ருடால்ஃப் ஏபெல் புரூக்ளினில் ஓவியர் என்று சொல்லிக்கொண்டு ஸ்டுடியோ வைத்திருந்தவர். 1962-ல் பெர்லின் எல்லையில் இருக்கும் கிளீனிக்கே பாலத்தில், சோவியத்தில் பிடிபட்டிருந்த அமெரிக்க உளவு விமானி பவர்ஸுக்கு மாற்றாக அவரை விட்டார்கள்.

குளச்சல் கடற்கரை:
அட்டை ஏமாற்றுக்கு ஜேம்ஸ் பாண்டே தப்பவில்லை. 1953-ல் வந்த முதல் நாவல் 'கேசினோ ராயல்'. 1955-ல் அமெரிக்க பேப்பர்பேக்கில் பெயரையே மாற்றி 'யூ ஆஸ்க்ட் ஃபார் இட்' என்று விற்றார்கள். அண்ணாச்சி, அந்தக் குத்துவிளக்குப் புத்தகம் சும்மா இருந்தால் இந்தப் பக்கம் தள்ளுங்கள்.